அத்தை கூட்டாமல் விட்ட புழக்கடை

நீராவி இன்ஜின் ஓடிய காலத்தில் சூரமங்கலத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் கரித்தூள் படிந்திருக்கும், ஊதிவிட்டுத்தான் மடிக்க வேண்டும். அது உங்களுக்கும் நினைவிருக்கும். கண்ணுக்கும் மூட்டுக்கும் டாக்டரிடம் நடக்கிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்தாயிற்று. இனிமேல் எதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

போன தை மாதம் என் மகள் ஒரு வகுப்புக்குப் போய்வந்தாள். வீட்டைச் சுற்றியுள்ள கொஞ்ச இடத்தில் தோட்டம் போடுவது எப்படி என்று இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார்களாம். பெர்மாகல்ச்சர் என்று பெயராம். நோட்டில் படம் வரைந்துகொண்டு வந்திருந்தாள். குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் வட்டமாக ஒரு குழி, குழியைச் சுற்றி வாழை. வெயில் படாமல் மண்ணைச் சருகால் மூடி வைப்பது. கொத்திப் புரட்டாமல் விடுவது. மரத்துக்குக் கீழே செடி, செடிக்குக் கீழே கொடி, மண்ணுக்குள் கிழங்கு. தினம் பறிக்கிற கீரைக்குச் சமையலறை வாசலை ஒட்டி இடம்.

"முதல்ல ஒண்ணும் செய்யாம இடத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்மா. அதுதான் முதல் பாடமே" என்றாள்.

நோட்டை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவள் வரைந்திருந்தது எங்கள் அத்தையின் புழக்கடை. அது அழிந்ததில் எனக்குப் பங்கு உண்டு. என் மகளுக்கு அது தெரியாது.

அத்தை, அப்பாவுக்கு அக்காள். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை. மாமா காமாலையில் இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு மாமாவின் தம்பி, "கொஞ்ச நாளைக்கு உங்க தம்பி ஊட்டுல இருந்துட்டு வாங்க" என்று ஒரு தகரப் பெட்டியோடு அத்தையை பஸ் ஏற்றிவிட்டார். திரும்பக் கூப்பிட யாரும் வரவில்லை. அப்போது நான் ஆறாம் வகுப்பு. தம்பி ஒன்றாம் வகுப்பு. அப்பா கூட்ஸ் ஆபீசில் கிளார்க்.

அம்மா அத்தையை "நங்கையா" என்று கூப்பிடுவாள். புருஷனின் அக்காளை எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வது வழக்கம். மரியாதையில் அம்மா ஒருநாளும் குறை வைத்ததில்லை. ஆனால் சமையலறையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. அதனால் வீட்டுக்குள் அத்தைக்குச் செய்ய வேலை எதுவும் இருக்கவில்லை. பகல் முழுவதும் பின்வாசற்படியில் உட்கார்ந்து புழக்கடையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பார்ப்பதற்கு அங்கே என்ன இருந்தது? சமையலறைக்கும் பின்சுவருக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு நிலம், எங்கள் பேச்சில் பொடக்காலி. இன்ஜினிலிருந்து வாரிக் கொட்டிய கரிக்கட்டியையும் சாம்பலையும் நிரப்பி மேடாக்கிய இடம். வெறுங்காலோடு நடந்தால் குத்தும். ஒரு மூலையில் கக்கூஸ், இன்னொரு மூலையில் குளியலறை. குளித்த தண்ணீர் ஓடிப்போய்ச் சுவரோரம் தேங்கி நாறும். அம்மா தினமும் காலையில் அந்த இடத்தைத் துடைத்து வைத்ததுபோலக் கூட்டிச் சாணி தெளிப்பாள்.

ஆடியில் வந்த அத்தை ஐப்பசி வரைக்கும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். மழை பிடித்தால் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே போய் நிற்பாள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்ப்பாள். காலையில் சுவர் நிழல் விழுகிற இடத்தில் ஓட்டுச்சில்லால் ஒரு கோடு கிழிப்பாள், சாயங்காலம் இன்னொரு கோடு. அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏனுங்க, நங்கையா மழையில நின்னுட்டுத் தரையவே பாக்கறாங்க. எனக்கென்னமோ சரியாப் படலீங்க."

"புருசன் போன துக்கம். நாளாவட்டத்துல சரியாப் போயிரும், உடு" என்றார் அப்பா.

கார்த்திகையில் அத்தை மண்வெட்டியைக் கையில் எடுத்தாள். குளித்த தண்ணீர் தேங்கிய இடத்தில் இடுப்பளவு குழி வெட்டினாள். சருகு, காய்கறித் தோல், கிழிந்த கோணி, உதிர்ந்த தலைமுடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அதில் போட்டு மிதித்தாள். சுற்றி ஐந்து வாழைக்கன்று நட்டாள். நடுநடுவே சேம்பு. மழைத் தண்ணீர் ஓடிய வழிக்குக் குறுக்கே உடைந்த செங்கல்லைப் பிறை மாதிரி அடுக்கினாள். அதற்கடுத்த மழையில் தண்ணீர் அங்கே நின்று, அப்படியே உள்ளே இறங்கியதைப் பார்த்தேன். முருங்கைக் கொம்பை ஊன்றி, அதில் ஏறிக்கொள்ள அவரை போட்டாள். கீழே பூசணி. கத்தரிச் செடிகளுக்கு நடுவே செண்டுமல்லி. பின்வாசலை ஒட்டித் தண்டங்கீரை, கொத்தமல்லி. ஓட்டைப் பானைகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, அரிசி கழுவிய தண்ணீரை அவற்றில் ஊற்றி வைப்பாள். அது கசிந்து வேருக்குப் போகும். ஒரு பப்பாளியும் வைத்தாள், அதன் அடியில் இரண்டு கோழிகள்.

இவ்வளவும் முளைப்பதற்கு முன்னாலேயே தரையை மூடிவிட்டாள். வேப்பஞ்சருகு, நிலக்கடலைத் தொலி, ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற வண்டிகளிலிருந்து உதிர்ந்த குச்சிக்கிழங்குத் தோல், எல்லாம் சேர்ந்து ஒரு சாண் கனத்துக்குக் கிடந்தன. பிறகு அம்மாவிடம் சொன்னாள்.

"இனிமே இங்க வெளக்குமாறு படவேண்டாம் அம்மணி."

எங்கள் வீட்டில் இருந்த நாளெல்லாம் அத்தை கட்டளை மாதிரிச் சொன்னது அந்த ஒன்றைத்தான்.

சருகு தேவைப்பட்டபோதெல்லாம் அத்தை கோணியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டுக்குப் போவாள். இன்னொரு கோணியோடு நானும் போகவேண்டும். சாலை ஓரம் வேப்பமரங்கள். சருகைக் குவித்து அள்ளும்போது எங்கள் வகுப்புப் பெண்கள் டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருப்பார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தி, "இவங்க ஊட்டுல குப்பை பத்தலையாம்டி" என்றாள். மறுநாளிலிருந்து வகுப்பில் எனக்கு அதுதான் பெயர். 'குப்பை' என்று என் நோட்டு அட்டையில் எழுதி வைத்தார்கள்.

இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அத்தையிடம் பேசுவதை மட்டும் குறைத்துக்கொண்டேன். அவள் கூப்பிட்டால் கேட்காததுபோல உள்ளே போய்விடுவேன். பிறகு கோணி இரண்டையும் அவளே சுமந்து வந்தாள்.

பங்குனியில் புழக்கடை மூடிக்கொண்டது. படி இறங்கினால் கால் வைக்கச் செங்கல் பாதை ஒன்று மட்டும்தான் தெரியும். அவரை முருங்கையின் உச்சிக்குப் போய், சுவரைத் தாண்டி ரயில்வே லைன் பக்கம் எட்டிப் பார்த்தது. அந்த வருடம் மழை சரியாக இல்லை. குழாயில் ஒரு வேளைதான் தண்ணீர். கார்டு வேலை பார்த்தவர் வீடு எங்களுக்கு அடுத்த வீடு. அந்த வீட்டு அம்மா தகர டின்களில் வைத்திருந்த ரோஜாவும் குரோட்டன்ஸும் குச்சியாகிவிட்டன. எங்கள் சருகை விலக்கி விரலைவிட்டால் சித்திரை வெயிலிலும் மண் சில்லென்று இருக்கும். ஈரத்தில் ஊறிய வெற்றிலைபோல ஒரு மணம் வரும். நண்டு வளை வாசலில் கிடப்பதுபோல, மண்புழு தள்ளிய மண் உருண்டைகள் கிடக்கும். அந்தக் கரிமேட்டில் மண்புழு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தம்பி மத்தியானத்தில் வாழை நிழலில்தான் கிடப்பான். சேம்பு இலையில் தண்ணீர் விட்டு உருட்டுவது அவனுக்கு விளையாட்டு.

அம்மா காய்கறிக் கூடைக்காரியை நிறுத்திவிட்டாள். அவரைக்காய்ப் பொரியலும் முருங்கைக்கீரைச் சாறும் மாறிமாறி வந்தன. ஒருநாள் அப்பா பூசணிக் கூட்டை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அத்தை அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊர் அதைப் பார்த்தவிதம் வேறு. எல்லோர் வீட்டிலும் செடி காய, எங்கள் வீட்டில் மட்டும் எப்படிப் பச்சை? அத்தை விடியற்காலையில் பொதுக்குழாயில் குடம் குடமாகப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறாள் என்று கார்டு வீட்டு அம்மா சொல்லிவிட்டார். நான்கு வீட்டார் அப்பாவிடம் வந்து முறையிட்டார்கள். நாங்கள் குளித்த தண்ணீரைத் தவிர ஒரு சொட்டும் அதற்குப் போகவில்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா அதைச் சொல்லவில்லை. "நான் பாத்துக்கறனுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போது யோசிக்கவில்லை. தன் அக்காள் திருடவில்லை என்று அவர்களோடு வாதாடுவதைவிட, ஒத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அதற்கடுத்த வாரம் அப்பாவின் மேலதிகாரி ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தார். கை கழுவப் பின்பக்கம் போனவர், படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னய்யா இது, ஊட்டுக்குள்ளயே குப்பைமேடு வச்சிருக்கற? பாம்பு கீம்பு வந்துரப் போவுது."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்பாவும் சிரித்தார். அவர் போனபிறகு அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அக்கா, மத்த ஊட்டுல எல்லாம் எப்படி வச்சிருக்காங்கன்னு பாத்தீங்களா? கூட்டிப் பெருக்கி, நாலு பூந்தொட்டி வச்சு... நீங்களும் அந்த மாதிரி வச்சா என்னங்க?"

"கூட்டுனா மண்ணு செத்துப் போயிருமப்பா" என்றாள் அத்தை.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மண் எப்படிச் சாகும் என்று எனக்கும் அப்போது சிரிப்பு வந்தது.

கோடை லீவில்தான் அது நடந்தது. பின்சுவரை அடுத்து ஒரு கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம், தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற பழைய ஸ்லீப்பர் கட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அதை ஒட்டியே ஷண்டிங் லைன். வேலியைத் தாண்டினால் தோலை உரித்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர். எனக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அன்று மத்தியானம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் தெருவில் வருவது தெரிந்தது. அத்தை வாசலிலேயே சருகு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கண்ணில் படாமல் இருக்க, தம்பியை இழுத்துக்கொண்டு நான் பின்சுவர்க் கதவு வழியாகப் போய் வேலிக் கம்பிக்குள் நுழைந்தேன்.

கட்டைகளிலிருந்து தார் உருகி வழிந்துகொண்டிருந்தது. அதன் நெடி மூக்கைக் குத்தியது. தம்பி செருப்பில்லாமல் கட்டைமேல் ஏறினான். இரண்டு கட்டைக்கு நடுவில் காலை விட்டவன் வீல் என்று கத்தினான். குனிந்து பார்த்தபோது ஒரு செந்தேள் இடுக்குக்குள் போவது தெரிந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் அவன் உடம்பு வேர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. வாந்தி எடுத்தான். கைகால் சில்லிட்டது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அத்தை ஓடிவந்து அவனை வாங்கி மடியில் போட்டு, கடிவாயைத் தேடினாள். பாதம் முழுக்கத் தார். முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் செருப்புக்கூடப் போடவில்லை. ரோடு கொதித்தது.

அப்பா ஆபீசிலிருந்து வந்தபோது தம்பி கட்டிலில் கண்ணை மேலே செருகிக்கொண்டு கிடந்தான். இன்று ராத்திரி தாண்டட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எங்க கடிச்சுது? எங்க போனீங்க ரண்டு பேரும்?"

நான் யோசித்துச் சொன்னேன் என்று சொல்லமுடியாது. யோசிக்காமல் சொன்னேன் என்றும் சொல்லமாட்டேன்.

"பொடக்காலீலிங்கப்பா. வாழைக்குழிகிட்ட. சருகுக்குள்ள இருந்துச்சு."

அப்பா அத்தை பக்கம் திரும்பினார். எப்போதும் 'வாங்க, போங்க' என்று பேசுகிறவர் அன்றைக்கு அதை விட்டுவிட்டார்.

"சந்தோசமா உனக்கு? குப்பையச் சேக்காத சேக்காதன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே! உனக்குத்தான் புள்ள இல்ல. எனக்கிருக்கறது ஒண்ணும் போகோணுமா?"

அத்தை சுவரில் சாய்ந்து நின்றாள். முந்தானையில் தார்க்கறை கறுப்பாக அப்பியிருந்தது. அவள் அந்த முனையை மடித்து, கறை உள்ளே போகும்படி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. நான் வராந்தாத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"செரி தம்பி" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு ராத்திரிக்குப் பிறகு தம்பி கண் விழித்தான். எங்கே கடித்தது என்று யாராவது கேட்டால் புழக்கடையில் என்று சொல்லும்படி அவன் காதில் சொல்லி வைத்தேன். அவனிடம் யாரும் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா இரண்டு ஆட்களைக் கூட்டிவந்தார். அவர்கள் அரிவாளோடு இறங்கும்போது அத்தை பின்வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, அவரை மட்டும் பத்து நாளைக்கு உடு. காய் முத்தீரும், வெதைக்கு எடுத்துக்கறேன்."

ஆட்கள் அவரைக்கொடியைத்தான் முதலில் இழுத்தார்கள். அத்தை உள்ளே போய் முறத்தில் அரிசியைக் கொட்டி, கல் பொறுக்க உட்கார்ந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. வாழையை வெட்டும் சத்தம், பப்பாளி விழும் சத்தம், கோழிகள் அடித்துக்கொண்டு ஓடும் சத்தம் எல்லாம் உள்ளே கேட்டது. சருகை வாரிக் குவித்துத் தீ வைத்தார்கள். அது ஈரச் சருகு, எரியவில்லை, புகைந்தது. சாயங்காலம் வரை வீடு முழுக்கப் புகை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். புகையால் மட்டும்தானா என்று தெரியாது. எனக்கு அன்றைக்கு, இனிமேல் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் போய்விடும் என்று ஒரு நிம்மதிகூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

சருகு முழுவதையும் வாரி முடித்தபோது ஆட்களில் ஒருவர் அப்பாவிடம் சொன்னார்.

"தேளு ஒண்ணுகூடக் காணமுங்க. மண்புழுதானுங்க நெறையக் கெடக்குது."

"ஓடியிருக்கும்" என்றார் அப்பா.

புழுக்கள் வெயிலில் நெளிந்து, மாலைக்குள் காய்ந்து நூலாகிவிட்டன. மாதம் முடிவதற்குள் அப்பா அந்த இடத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டார். அத்தையின் கொழுந்தனாருக்குக் கடிதம் எழுதினார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவரே அத்தையைக் கூட்டிக்கொண்டுபோய் நாமகிரிப்பேட்டையில் விட்டுவந்தார். கிளம்பும்போது அத்தை தம்பியின் பாதத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அம்மாவிடம் "வாரேன் அம்மணி" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "வாரேன் சாமி" என்று என் பக்கமும் சொன்னாள்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில், தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ராசிபுரம் பஸ் ஏறினேன். அங்கிருந்து இன்னொரு பஸ். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். கொழுந்தனார் வீட்டில் அத்தை இல்லை. வயற்காட்டில், மோட்டார் ரூமை ஒட்டிப் போட்டிருந்த ஒரு கூரைச் சாய்ப்பில் இருந்தாள். இளைத்துக் கறுத்துப் போயிருந்தாள். சுற்றிலும் அவர்களுடைய மஞ்சள் காடு. கூலி ஆட்களோடு ஆளாக அதில் களை எடுக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது. சாய்ப்பைச் சுற்றி மண்ணை வழவழவென்று கூட்டி வைத்திருந்தாள். ஒரு கீரைச் செடிகூட இல்லை.

"ஏனுங்கத்தை, ஒண்ணும் போடலீங்களா?"

"இங்க ஒரு எலை கெடந்தாலும் கொழுந்தனாரு சத்தம் போடுவாரு கண்ணு. அவங்க எடம்" என்றாள். தூக்குப்போசியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். "தம்பிக்குக் காலு நல்லாப் போச்சா? மழை நாள்ல வலி கிலி இருக்குதா?"

நான் டம்ளரை வாயிலிருந்து எடுத்தேன்.

"அத்தை, அன்னைக்கு அது பொடக்காலீல இல்லீங்க."

"தெரியும்."

"நீங்க ஏனுங்க சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? பையன் பொழைக்கறானோ இல்லையோன்னு கெடக்கறான். நீதான் லைனுக்குக் கூட்டிட்டுப் போனீன்னு தெரிஞ்சா உன்றப்பன் உன்னைய அங்கயே அடிச்சுக் கொன்னிருப்பான்."

மஞ்சள் காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ சொல்லியிருந்தாலும் அவன் கேட்டிருக்க மாட்டான். அதுக்கு முந்தியே அவனுக்கு அந்த எடம் புடிக்காமப் போச்சு. தேளு இல்லீன்னா வேற ஒண்ணு." அவள் டம்ளரை என் கையிலிருந்து வாங்கினாள். "ஆனா நீ சொல்லியிருக்கலாம் கண்ணு. நான் போனதுக்கப்புறமாச்சும்."

வேலைக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. அத்தை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். என்னை ரோடு வரைக்கும் கொண்டுவந்துவிட அவளுக்கு நேரம் இல்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். அன்று ராத்திரி சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு தந்தி வந்தது. அப்பா மட்டும் போய்வந்தார். அவர் வந்து குளிப்பதற்காகச் சிமெண்ட் தளத்தில் நின்றபோது தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்பாவும் போய் இப்போது வருடங்கள் ஆகின்றன.

தம்பி திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்துச் சம்பாதித்தான். போன மாதம் அங்கே புது வீடு கட்டிக் குடிபோனான். வீட்டைச் சுற்றி நிறைய இடம். ஒரு சாண் மண் விடாமல் கல் பதித்திருந்தான். மத்தியானப் பந்தியில் சம்பந்தி வீட்டார் ஒருவர், "நாலு செடி வைக்க எடம் உட்டிருக்கலாமுங்களே" என்றார்.

"செடியா? வேண்டவே வேண்டாமுங்க" என்று தம்பி சிரித்தான். "எங்க அத்தை ஒருத்தி இருந்துச்சுங்க. கொஞ்சம் புத்தி சுவாதீனம் இல்ல. ஊட்டுக்குள்ள குப்பையக் கொட்டித் தோட்டம் போட்டு வச்சிருந்துச்சு. அதுல தேளு கடிச்சு நான் செத்துப் பொழச்சவன்."

அவன் பிள்ளைகள் இந்தக் கதையைப் பலதடவை கேட்டவர்கள்போலத் தலையாட்டினார்கள். நான் இலையிலிருந்து கையை எடுத்தேன்.

"அங்க இல்லடா. வேலிக்கு அந்தப் பக்கம், ஸ்லீப்பர் கட்டையில. நான்தான் உன்னைக் கூட்டிட்டுப் போனேன். அப்பாகிட்டப் பொய் சொன்னேன். அத்தைக்குப் புத்தியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

தம்பி என்னைப் பார்த்துவிட்டுச் சம்பந்தியைப் பார்த்தான்.

"அக்காவுக்கு இப்பல்லாம் இப்படித்தானுங்க. வயசாச்சில்லீங்களா, எதையாச்சும் மாத்தி மாத்திச் சொல்லும்" என்றான். அவன் மனைவி என் இலைக்கு ரசம் கொண்டுவந்தாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.